உம்கேனியின் ஊற்றுவரை: நேட்டால் மலையாறுகளில் ட்ரவுட் பிடிக்கச் சட்டம் அறியும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் புளூ லகூன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அங்கே போனால் நம்மவர்கள் தூண்டிலும் தேநீர்க் குடுவையுமாகக் கரையோரம் நிற்பதைப் பார்க்கலாம். அதே ஆற்றை எதிர்த்துக்கொண்டு மேற்கே போனால், இனாண்டா, நேகல், ஆல்பர்ட் ஃபால்ஸ், மிட்மார் என்று அணை அணையாகத் தாண்டி, சுமார் 230 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலத்தில் அதன் ஊற்று இருக்கிறது. ஊற்றுக்குச் சற்றுக் கீழே ஆறு ஒரு தாவலில் தாண்டிவிடக்கூடிய ஓடை. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து, கை வைத்தால் விறைக்கும். அந்த நீரில்தான் பழுப்பு ட்ரவுட் என்ற மீன் வாழ்கிறது.

ஆறு ஒன்று, சட்டம் இரண்டு. அலை ஏறி இறங்கும் கழிமுகத்தில் தூண்டில் போட்டால் உங்களை ஆள்வது 1998ஆம் ஆண்டின் 18ஆம் எண் கடல்வாழ் உயிர்வளச் சட்டம். ஊற்றருகே போட்டால் நேட்டால் (இன்றைய க்வாசூலு-நேட்டால்) மாகாணத்தின் 1974ஆம் ஆண்டு 15ஆம் எண் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஒருமுறை அக்காள் மகனை அழைத்துக்கொண்டு, கடலுக்கு வாங்கிய அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று மணிநேரம் வண்டி ஓட்டி மலையடிவாரத்துக்குப் போனேன். வாயிலில் இருந்த காவலர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இது கடலுக்கு. இங்கே கடல் இல்லை" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பையன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில்தான், "மாமா, அப்படியென்றால் இங்கே என்ன சீட்டு வேண்டும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் படி: சீட்டை வாங்காதீர்கள், இடத்தை முடிவு செய்யுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "லைசென்ஸ் எங்கே கிடைக்கும்?" என்பது. அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நீங்கள் நிற்கப்போகும் கரை யாருடையது என்பது. தென்னாப்பிரிக்காவில் ஓடும் நீர் யாருக்கும் சொந்தமில்லை. 1998ஆம் ஆண்டின் 36ஆம் எண் தேசிய நீர்ச் சட்டத்தின்படி அது மக்கள் சார்பில் அரசின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் கரை அப்படியல்ல. கரைக்கு உரிமையாளர் உண்டு. அவர் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். கையில் மாகாண லைசென்ஸ் இருப்பது வேலி தாண்டும் உரிமையைத் தராது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்; "அரசாங்கத்திடம் பணம் கட்டியிருக்கிறேனே" என்கிறார்கள். கட்டிய பணம் மீனுக்கு, நிலத்துக்கு அல்ல.

நேட்டாலில் ட்ரவுட் ஓடும் கரைகளை நான்கு வகையாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எசெம்வேலோ நிறுவனத்தின் காப்பகங்கள். மாகாணத்தின் வனவிலங்குத் துறை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் காப்பகங்கள் இதன் பொறுப்பில் உள்ளன. அந்த மலைப்பகுதி 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜயன்ட்ஸ் காசல் அருகே புஷ்மன்ஸ் ஆறு, காம்பர்கில் மூயி ஆறு, லொதேனியில் லொதேனி ஆறு, காபமில் பொலேலா ஆறு. முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது இந்த வகைதான். வாயிலில் ஆள் இருக்கிறார், கேள்விக்குப் பதில் கிடைக்கும், எந்தத் துண்டில் தூண்டில் போடலாம் என்று காட்டுவார்கள். நுழைவுக் கட்டணம் வேறு, தூண்டில் அனுமதி வேறு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தனியார் பண்ணை நிலம். மூயி ஆறும் உம்கேனியின் மேற்பகுதியும் பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகளுக்குள்தான் ஓடுகின்றன. பண்ணையாரிடம் நேரில் கேட்பதே வழி. ஒப்புக்கொண்டால் தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். கைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும். வாய்ச்சொல்லாகச் சொன்னவர் வெளியூர் போயிருக்கும் நாளில், அவருடைய வேலையாள் உங்களைக் கேள்வி கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

மூன்றாவது, சங்கங்கள். பண்ணைகளிடமிருந்து ஆற்றின் மீன்பிடி உரிமையை ஒப்பந்தமாகப் பெற்று நடத்தும் தூண்டில் சங்கங்கள் இங்கே பழையவை. பீட்டர்மாரிட்ஸ்பர்கைச் சுற்றி நேட்டால் ஃப்ளை ஃபிஷர்ஸ் கிளப், மலையடிவாரத்தில் அண்டர்பர்க்-ஹிமவில் சங்கம். இவர்கள் ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். அந்தத் துண்டைத்தான் பீட் என்கிறார்கள். ஒரு நாளில் ஒரு பீட்டில் குறிப்பிட்ட சிலர் மட்டுமே. முன்பதிவு செய்யாமல் போய் நிற்பது, மற்றொருவர் எடுத்திருக்கும் கல்யாண மண்டபத்தில் நுழைந்து பந்தியில் உட்காருவதற்குச் சமம்.

நான்காவது, பாரம்பரியத் தலைமையின் கீழுள்ள பொது நிலம். மலையடிவாரத்தில் பல ஆறுகள் சூலு கிராமங்களின் நடுவே ஓடுகின்றன. அங்கே பலகையும் வாயிலும் இருக்காது. அதனால் அனுமதியே வேண்டாம் என்று நினைத்துவிடக்கூடாது. ஊரின் இந்துனாவை, அதாவது ஊர்த்தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லிக் கேட்க வேண்டும். "சாவுபோனா" என்று தொடங்கி, எந்த ஊரிலிருந்து வருகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று சொன்னால் போதும். நான் போன இடங்களில் ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஒரு பெரியவர் தன் பேரனையே வழிகாட்ட அனுப்பினார்.

இரண்டாம் படி: எந்தச் சட்டப் புத்தகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்னப் படி, ஆனால் அடிப்படையானது. நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சாசனம் இயற்கைப் பாதுகாப்பை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாகப் பகிர்ந்து கொடுத்தது. கடல் வளத்தை அதிலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே கேப் டவுனில் வாங்கிய கடல் சீட்டு டர்பன் கடற்கரையிலும் செல்லும். ஆற்று லைசென்ஸ் அப்படிச் செல்லாது. மாகாண எல்லை தாண்டினால் புதுச் சீட்டு, புது விதி. பழைய நான்கு மாகாணங்களும் தனித்தனியாக இயற்றிய சட்டங்கள் பல இடங்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நேட்டாலின் 1974 சட்டம் அப்படிப்பட்டது. மேற்குக் கேப்பில் அதே ஆண்டின் 19ஆம் எண் சட்டம். ம்புமலங்கா மாகாணம் 1998இல் தனக்கென்று புதுச் சட்டம் இயற்றிக்கொண்டது.

சானி கணவாய் ஏறி லெசோத்தோவுக்குள் போனால் அது வேறு நாடு, வேறு அனுமதி. எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கியவுடன் இங்கே வாங்கிய லைசென்ஸின் வேலை முடிந்துவிடுகிறது.

மூன்றாம் படி: இப்போது சீட்டு

க்வாசூலு-நேட்டாலில் நன்னீர்த் தூண்டில் லைசென்ஸை எசெம்வேலோ தருகிறது. அதன் காப்பக அலுவலகங்களில் கேட்டு வாங்கலாம். வாங்கும்போது கவுன்டரில் நின்றபடியே நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உங்கள் பெயரும் அடையாள எண்ணும் பிழையில்லாமல் இருக்கின்றனவா, எந்தத் தேதிவரை செல்லும், எந்த மீனுக்கு, பின்பக்கம் அச்சிட்ட நிபந்தனைகள் என்ன. பெயர் எழுதுவதில் பிழை நேர்வது நமக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ருரோ கப்பலில் மதராஸிலிருந்து நம் முன்னோர் வந்து இறங்கிய நாளிலிருந்து நம் பெயர்களைக் காதால் கேட்டு எழுதியவர்கள் எழுதிய விதத்தில்தான் பல குடும்பப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.

சீட்டு ஒருவருக்கு மட்டும். தந்தையின் சீட்டில் மகன் தூண்டில் போட முடியாது. கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் மூலச் சீட்டை நனையாத பையில் வைத்து உடம்போடு வைத்திருங்கள். வண்டியில் வைத்துவிட்டு ஆற்றுக்குள் இரண்டு மைல் நடந்துபோன பிறகு காவலர் எதிரே வந்தால், "வண்டியில் இருக்கிறது" என்பது பதில் ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. என் தாத்தா தலைமுறைக்கு இந்த மலைகள் திறந்திருக்கவில்லை. பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரித் தீவிலும் ஃபின்லாண்ட்ஸிலும் வலை இழுத்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு மீனைப் பற்றித் தெரியாததில்லை. ஆனால் மலைநீர் அவர்களுக்குச் செய்திதான். ஆகவே வாயிலில் பெயரைச் சொல்லி, பணம் கட்டி, சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நுழைவதை நான் தொந்தரவாக நினைப்பதில்லை. அந்தச் சீட்டை நான் பத்திரப்படுத்தி வைக்கிறேன். வீட்டில் ஒரு உறை நிறைய இருக்கிறது.

நான்காம் படி: மாதம் பாருங்கள்

நேட்டால் ஆறுகளில் ட்ரவுட் பருவம் செப்டம்பர் 1ஆம் தேதி திறந்து மே 31ஆம் தேதி மூடுகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் ஆற்றில் தூண்டில் இல்லை. குளம், அணை போன்ற நிற்கும் நீரில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட மீன்கள். ட்ரவுட் முட்டையிட ஓடும் நீரும் சரளைக்கல்லும் வேண்டும், குளத்தில் அது நடப்பதில்லை.

தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகுவதற்கான தடைக்காலம். இங்கேயும் காரணம் அதுதான், மாதம்தான் வேறு.

குளிர்காலத்தில் பெண் ட்ரவுட் ஆழமில்லாத சரளைப் படுகையைத் தேடி மேலேறுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துச் சரளையைக் கிளப்புகிறது. நீரோட்டம் மண்ணை அடித்துச் செல்ல, ஒரு குழி உண்டாகிறது. அதில் முட்டையிட்டு, ஆண் மீன் விந்து சேர்த்ததும், சற்று மேலே போய் மறுபடி வாலால் அடித்து அந்தக் குழியை மூடுகிறது. பார்க்கத் தெரிந்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்: சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கல், நடுவில் கழுவித் துடைத்ததுபோல வெளிறிய ஒரு திட்டு, ஒரு தாம்பாளம் அளவு இருக்கும், சில வேளை முறம் அளவு. நீர் 10 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தால் பழுப்பு ட்ரவுட் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். குளிர் கூடக்கூட நாளும் கூடும். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வருவதில்லை, கல்லிடுக்கிலேயே சில வாரம் இருக்கும். அந்தத் திட்டின் மேல் மனிதன் கால் வைத்தால் நசுங்குவது ஒரு மீனல்ல, ஒரு தலைமுறை.

இன்னொன்றும் உண்டு. நேட்டாலில் மழை கோடையில் பெய்கிறது. ஜூன், ஜூலையில் ஆறு வற்றி மெலிந்து, தண்ணீர் தெளிந்து நிற்கும். மீனுக்கு ஒளிய இடமில்லை. முட்டைச் சுமையோடு மெலிந்த நீரில் நிற்கும் மீனைப் பிடிப்பதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே மே மாதக் கடைசி வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரங்களிலும் சட்டம் அனுமதித்தாலும், வெளிறிய சரளைத் திட்டைக் கண்டால் கரையேறிச் சுற்றிப் போங்கள். இதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்க மாட்டார்கள்.

கோடைக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைச் சட்டத்தைவிட வெப்பமானி நன்றாகச் சொல்லும். ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 பாகையைத் தொட்டால் அதற்கு மூச்சுத் திணறத் தொடங்குகிறது, ஏனென்றால் சூடான நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு. அந்த நேரத்தில் பிடித்து விட்டாலும் கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

நம் நாட்காட்டியில் வேறொரு பருவமும் குறுக்கிடுகிறது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடுகிறது. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் தமிழ் வீடுகளில் புரட்டாசி விரதம் எவ்வளவு கண்டிப்பானது என்று சொல்லத் தேவையில்லை. மீன் சட்டியைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். "பிடித்து விட்டுவிடத்தானே போகிறோம், உண்ணவில்லையே" என்று சிலர் அந்த மாதத்தில் போகிறார்கள். முள் குத்துவது குத்துவதுதான். விரதம் இருப்பவர் தூண்டிலையும் சேர்த்து மூலையில் வைப்பதே சரி என்பது என் எண்ணம். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் உங்களுக்கு. பிறகு தீபாவளிக்குப் பின் போகலாம், ஆறு எங்கும் ஓடிவிடாது.

ஐந்தாம் படி: கருவி

மண்புழு, பிசைந்த மாவு, இறால் என்று நாம் பழகிய இரை எதுவும் இங்கே வேண்டாம். ஆற்று ட்ரவுட் நீர்களில் பொதுவாக அனுமதிப்பது செயற்கை ஈ மட்டும்: இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சிபோலச் செய்தது. காரணம் எளிது. உயிர் இரையை மீன் விழுங்கிவிடும். முள் குடலில் மாட்டும். ஈயை அது உதட்டோரம் கவ்வுகிறது, ஏமாற்றம் தெரிந்தவுடன் துப்பப் பார்க்கிறது. ஆகவே அளவில்லாத மீனைக் காயமில்லாமல் விட முடிகிறது.

பல சங்கங்கள் கூர்ப்பல் இல்லாத முள்ளைத்தான் அனுமதிக்கின்றன. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறு கூரைத்தான் கூர்ப்பல் என்கிறேன். புது முள் வாங்க வேண்டாம். சிறு குறடால் அந்தக் கூரை மெல்ல அழுத்துங்கள். விரலில் ஒரு சின்ன 'டிக்' தெரியும், அது படிந்துவிட்டது. பிறகு சட்டைத் துணியில் முள்ளைக் குத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. நூலைப் பிடித்து இழுத்தால் இன்னொருமுறை அழுத்துங்கள். இதை வீட்டில் விளக்கொளியில் உட்கார்ந்து எல்லா ஈக்களுக்கும் செய்துவிடுங்கள், ஆற்றங்கரையில் குளிரில் கை நடுங்கும்.

ஆறாம் படி: எத்தனை, எவ்வளவு நீளம்

ஷாட் என்ற கடல்மீன் தெரியாத டர்பன் தமிழர் இல்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் பிடிக்கவே கூடாது, எப்போதும் விற்கக் கூடாது. இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ட்ரவுட் கணக்கும் எத்தனை, எவ்வளவு நீளம், எந்த மாதம் என்ற அதே மூன்று கேள்விதான், ஆனால் விடை நீருக்கு நீர் மாறும். மாகாண விதி ஓர் உச்ச வரம்பை வைக்கிறது. அதற்குக் கீழே காப்பகமோ சங்கமோ தன் வரம்பை இன்னும் இறுக்கலாம். சில பீட்டுகளில் ஒரு மீன்கூட எடுக்க முடியாது, பிடித்ததெல்லாம் விட வேண்டும். இரண்டு விதி வேறுபட்டால் எப்போதும் கடுமையான விதியே உங்களுக்கு. இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை ஆளுக்குத் தனி. நான் இரண்டு பிடித்தேன், தம்பி ஒன்றும் பிடிக்கவில்லை, ஆகவே அவன் கணக்கில் நான் இன்னும் பிடிக்கலாம் என்பது செல்லாது.

அளப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். வலைக் கைப்பிடியில் உங்கள் நீருக்கான அளவை வீட்டிலேயே அளந்து கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் வலைக்குள்ளேயே கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்தால் மூக்கு நுனி முதல் வால் நுனிவரை நேர்கோட்டில் தெரியும். வயிற்று வளைவோடு நாடாவை ஓட்டினால் ஓரிரு சென்டிமீட்டர் கூடக் காட்டும். அது உங்களை ஏமாற்றும், காவலரை ஏமாற்றாது. கீறலுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது, இழுத்துப் பார்த்தால் எட்டும் என்று தோன்றுகிற மீனை விட்டுவிடுங்கள்.

விடும்போது கையை முதலில் நனையுங்கள். காய்ந்த கை மீனின் மேல் உள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். செவுளில் விரல் போடாதீர்கள். ஓட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து, வயிற்றைத் தாங்கி, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை பிடித்திருங்கள். அந்தச் சில நொடியில்தான் பழுப்பு ட்ரவுட்டை உண்மையாகப் பார்க்க முடியும்: வெண்ணெய் நிற வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம்.

சாப்பிட எடுக்கும் மீனை வீடு சேரும்வரை தலையும் வாலும் வெட்டாமல் முழுதாக வையுங்கள். வழியில் யாராவது அளந்து பார்க்கக் கேட்டால் காட்ட முடியும். புளிக்குழம்புக்கு ஷாட்தான் பொருத்தம். ட்ரவுட்டின் சதை மென்மையானது, மஞ்சளும் மிளகாயும் உப்பும் தடவித் தவாவில் வாட்டினால் போதும்.

ஏழாம் படி: உயிரோடு ஒரு மீனையும் நகர்த்தாதீர்கள்

இந்த விதியைத்தான் மற்றவற்றைவிடக் கனமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை மீறுவோர் நல்லெண்ணத்தில்தான் மீறுகிறார்கள். வாளியில் நான்கு குஞ்சு மீனைப் போட்டுக்கொண்டுபோய்த் தங்கள் பண்ணைக் குளத்தில் விடுகிறார்கள். அது குற்றம். ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு உயிர்மீனைக் கொண்டுபோக அனுமதி வேண்டும்.

ட்ரவுட் இந்த மண்ணின் மீனல்ல. 1890இல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து நேட்டாலில் மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் விட்டார்கள். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் பார்த்திருப்பீர்கள், அங்கேயும் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டதுதான். வந்த மீன் தங்கிப் பெருகியது. ஆனால் அதற்கு முன்பே இந்த நீரில் குடியிருந்தவர்கள் உண்டு. சானி கணவாயின் அடிவாரத்தில் ஓடும் உம்கோமசானா ஆற்றிலிருந்து 1938இல் விரல் நீளச் சிறுமீன் ஒன்றை அறிவியலர் முதன்முதலாக விவரித்தார்கள். மலோட்டி மின்னோ என்று இன்று அழைக்கப்படுகிறது. பிறகு அந்த ஆற்றில் அதைக் காணவில்லை. இனமே அழிந்துவிட்டது என்று நம்பினார்கள். 1970இல் மலைக்கு அந்தப் பக்கம் லெசோத்தோவில், ட்ரவுட் எட்டாத ஓடையில் மறுபடி கண்டார்கள். ட்ரவுட் அதை இரையாகத் தின்றது அழிவின் காரணங்களில் ஒன்று.

கடல் கடந்து கொண்டுவரப்பட்டு இங்கேயே வேரூன்றியவர்கள் நாமும்தான். அதனால் எனக்கு இந்த மீன்மேல் ஒட்டுதல் உண்டு. ஆனாலும் அந்தச் சிறுமீனை மறந்துவிட்டு ட்ரவுட்டைப் புகழ என்னால் முடியாது. இருக்கும் ஆறுகளில் இருக்கட்டும், இல்லாத ஓடைக்கு ஒரு குஞ்சுகூடப் போகக்கூடாது.

அரசு 2004ஆம் ஆண்டின் 10ஆம் எண் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் ஊடுருவும் உயிரினங்களைப் பட்டியலிடுகிறது. 2014இல் வெளியான பட்டியலில் ட்ரவுட் இடம்பெறவில்லை; அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வாதம் தூண்டில்காரர்களுக்கும் அமைச்சகத்துக்கும் இடையே நீதிமன்றம்வரை போனது. ஆகவே செய்தித்தாளில் இதைப் பற்றி ஏதாவது வந்தால் ஒதுக்கிவிடாமல் படியுங்கள். பட்டியல் மாறினால் உங்கள் சீட்டின் நிபந்தனையும் மாறும்.

வேறு மாகாணம் போனால்

சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குக் கேப்பில் டு டாய்ட்ஸ் குளூஃப் பக்கம் ஸ்மால்பிளார், எலாண்ட்ஸ்பாட், ஹோல்ஸ்லூட் ஆறுகளின் பீட்டுகளைக் கேப் பிஸ்கடோரியல் சங்கம் நடத்துகிறது. அங்கே கூர்ப்பல் இல்லாத முள், பிடித்ததை விடுவது, செப்டம்பர் முதல் மே வரை பருவம். கிழக்குக் கேப்பில் ரோட்ஸ் என்ற சிற்றூரைச் சுற்றி பெல், போக்ஸ்ப்ரைட் ஆறுகள்; ஒயில்ட் ட்ரவுட் அசோசியேஷன் மூலம் பண்ணைகளில் இடம் கிடைக்கும். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து போகிறவர்களுக்கு டல்ஸ்ட்ரூம் கிட்ட, அங்கே பெரும்பாலும் குளங்கள். கேட்கும் கேள்விகளும் வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றே: எந்தக் கரை, எந்தச் சீட்டு, எந்த மாதம், எந்த முள், எத்தனை மீன்.

காவலர் வந்தால்

தூண்டிலைக் கீழே வைத்து, வணக்கம் சொல்லி, சீட்டையும் அடையாள அட்டையையும் பண்ணையார் எழுதித் தந்த வரியையும் சேர்த்து நீட்டுங்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். தவறு இருந்தால் வாதாடாதீர்கள். அபராதச் சீட்டு கொடுத்தால் அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பணத்தைக் கையில் கேட்டால் கொடுக்காமல் ரசீது கேளுங்கள். உங்களுக்கு ஒரு விதி புரியவில்லை என்றால் அப்போதே கேளுங்கள், ஆற்றை அவரைவிட அறிந்தவர் அங்கே இல்லை.

கடைசி வேலை வீட்டுக்குப் போகுமுன் இருக்கிறது. சங்க நீராக இருந்தால் பிடிப்புக் கணக்கை எழுதித் தர வேண்டும்: தேதி, பீட், எத்தனை மணிநேரம், எத்தனை மீன், எவ்வளவு நீளம், எத்தனை விட்டீர்கள். ஒன்றும் பிடிக்காத நாளில் எழுதாமல் போய்விடுகிறார்கள். அந்தப் பூஜ்யமும் வேண்டும். ஆற்றில் மீன் குறைகிறதா என்று அடுத்த ஆண்டு வரம்பை வைப்பவர்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.

அக்காள் மகனை மறுபடி அழைத்துப்போனது அடுத்த செப்டம்பரில். அதே வாயில், அதே காவலர். இந்தமுறை பையனே சீட்டை நீட்டினான், தன் பெயரில் வாங்கியது. அன்று இரண்டு பேருக்கும் ஒரு மீனும் அகப்படவில்லை. கணக்குப் புத்தகத்தில் பூஜ்யத்தை அவன்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.